யாத்திரை போகிறீர்களா? வண்டிக்குள் அடுப்பு வேண்டாமே!

குழந்தைகளுக்கு லீவு விட்டால் போதும், நவக்கிரகக் கோயில், அறுபடை வீடு, ராமேஸ்வரம் என்று வேன் பிடித்துக் கிளம்பிவிடுகிறோம். மாமியாருக்குச் சர்க்கரை, கைக்குழந்தைக்கு வெந்நீர், ஓட்டல் சாப்பாடு யாருக்கும் ஒத்துக்கொள்ளாது. அதனால் அரிசி பருப்போடு அடுப்பும் சிலிண்டரும் வண்டி ஏறிவிடுகின்றன. சகோதரிகளே, இந்தத் தடவை அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை, மதுரையில் நிறுத்தி வைத்திருந்த ஒரு சுற்றுலா ரயில் பெட்டி தீப்பிடித்தது. லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்கள் அதில் இருந்தார்கள். பெட்டிக்குள் கொண்டுவந்திருந்த கேஸ் சிலிண்டரால் வந்த தீ என்று ரயில்வே சொன்னது. 9 உயிர்கள் போயின.

வீட்டில் தினமும் புழங்குகிற அடுப்புதானே, வண்டியில் மட்டும் என்ன? இருக்கிறது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தண்ணீர் மாதிரி தரையோடு பரவி சீட்டுக்கு அடியில் தேங்கும். ஜன்னல் திறந்திருக்கிறதே என்பீர்கள். ஜன்னல் மேலே, கேஸ் கீழே! காற்றில் நூற்றுக்கு 2 பங்கு கலந்தாலே ஒரு பொறி போதும். ஓடித் தப்பவும் ஒரே வாசல்தான்.

வெளிநாடுகளில் சமையலறையோடு கூடிய கேரவன் வண்டிகள் உண்டு. அவற்றில் சிலிண்டருக்கென்று தனி அறை. கதவு வெளிப்புறம் திறக்கும், கசிந்த கேஸ் வெளியேற அடியில் துளை இருக்கும். நம் வேனில் அந்த வசதி ஏது?

ஆகவே இவற்றை மனதில் வையுங்கள்:

ரயிலில் சிலிண்டர் கூடவே கூடாது. 3 வருடம் வரை ஜெயில் உண்டு.

வேனில் போனால், ஆட்கள் உட்காரும் வண்டியில் சிலிண்டர் வேண்டாம். சாமான் வண்டியில் ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, நிமிர்த்தி வைத்துக் கயிற்றால் கட்டுங்கள். படுக்கப் போடாதீர்கள். வீட்டு 14.2 கிலோ சிலிண்டர் வீட்டோடு இருக்கட்டும். வெளியே எடுத்துப் போக 5 கிலோ சிலிண்டர் தனியாகவே விற்கிறார்கள்.

கிளம்புமுன் ரப்பர் குழாயை மடக்கிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தாலோ, 5 வருடம் ஆகியிருந்தாலோ ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள புதுக்குழாய் மாற்றுங்கள். லீக் இருக்கிறதா என்று பார்க்க சோப்பு நுரை தடவினால் போதும்; குமிழி வந்தால் கசிகிறது. தீக்குச்சி கிழித்துப் பார்க்கவே பார்க்காதீர்கள்.

சமைப்பது வண்டியை விட்டுத் தள்ளி, திறந்த வெளியில். பள்ளமும் சாக்கடையும் பக்கத்தில் வேண்டாம், கேஸ் அங்கே போய்த் தேங்கும். சிலிண்டர் தரையில், அடுப்பு அதைவிட உயரத்தில். முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள்.

நாற்றம் வந்தால் ரெகுலேட்டரை மூடி, எல்லோரையும் தூர அனுப்புங்கள். ஸ்விட்ச் போடவோ, வண்டியை ஸ்டார்ட் செய்யவோ விடாதீர்கள். தள்ளிப் போய் 1906-க்கு போன் செய்யுங்கள்.

ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்களுக்கு இன்னொன்று. குளிருக்கு இதமாக இருக்கட்டுமென்று மூடிய வண்டியில் அடுப்போ கரியோ எரிய விட்டுத் தூங்காதீர்கள். அதில் உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

முதல் நாளுக்குப் புளியோதரை, எண்ணெய் விட்டுப் பிசைந்த சப்பாத்தி. குழந்தைக்கு இரண்டு பிளாஸ்க் வெந்நீர். பாதி வேலை தீர்ந்தது. மழை பெய்கிறது, "ஒரு காபிதானே, உள்ளேயே போட்டுடேன்" என்று வீட்டு ஆண்கள் சொல்வார்கள். அதற்கு மட்டும் தலையாட்டிவிடாதீர்கள். மழை விட்டதும் குடித்துக்கொள்ளட்டும்!