கிடைக்கவில்லை என்பதும் கணக்குதான்

நம் சங்க அன்பர் ஒருவரின் மகள் பௌதிக ஆராய்ச்சிக்குப் போக விரும்புகிறாள். "தேடுவது கிடைக்காவிட்டால் உழைப்பெல்லாம் வீண்தானே, ஸார்?" என்றார் தந்தை.

ஜப்பானில் சுகுபா நகரில், 3 கி.மீ. சுற்றளவுள்ள வளையத்தில் எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் மோத விடுகிறார்கள். உள்ளே போன சக்திக்கும் வெளியே வந்த சக்திக்கும் கணக்கு உதைத்தால், கருவிக்குச் சிக்காத 'இருண்ட' துகள் ஒன்று நழுவியிருக்கலாம். 'பெல் 2' என்னும் இந்தச் சோதனையில் சென்னை ஐ.ஐ.டி.யும் பங்கு கொள்கிறது. 2020-ல் வெளியான முதல் தேடலில் எதுவும் அகப்படவில்லை. ஆனால் அது ஒளிந்திருக்கக்கூடிய இடங்களில் சில கழிந்தன.

ரயில்வேயில் அல்ட்ராசானிக் கருவியால் தண்டவாளத்தைச் சோதிப்போம். "விரிசல் இல்லை" என்று கையெழுத்திட்ட நாளை யாரும் வீண் என்றதில்லை. அதை நம்பித்தான் வண்டி ஓடியது.

சர் சி.வி. ராமன் 1907-ல் கல்கத்தா வந்தது கணக்குத் துறை அதிகாரியாக. அந்த உத்தியோகத்தை 1917-ல் விட்டார். 'ராமன் விளைவு' கிடைத்தது 1928-ல். கிடைக்கும் என்று அவருக்கு யார் உறுதி கொடுத்தார்கள்?

அன்பரே, பெண்ணைத் தடுக்காதீர்கள்.