கேமராவுக்குச் சாதி தெரியாது, அபராதத்துக்கு?

வேகக் கேமரா சாதி பார்ப்பதில்லை. வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, "எந்த ஊர், எந்தத் தெரு?" என்று அது கேட்பதுமில்லை. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில், புல்லட் ஓட்டிச் சென்றதற்காகப் பட்டியல் சாதிக் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகள் வெட்டப்பட்டதாக வழக்குப் பதிவானது. நாம் எந்த வண்டியில் போகலாம் என்பதைக்கூடச் சாதி தீர்மானிக்க முயலும் நிலத்தில், மனிதக் கண்ணுக்குப் பதிலாக ஒரு கருவி சாட்சி சொல்வதை நாம் எதிர்க்க வேண்டியதில்லை. வேகம் உயிரைப் பறிக்கிறது. அதற்கு எளிதில் இரையாகிறவர்கள் நடந்து செல்வோரும் இருசக்கர வாகனங்களில் செல்வோருமே. நமது கேள்வி, படம் எடுக்கப்பட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதுதான்.

கருவி நடுநிலையானது என்பதால் விளைவும் நடுநிலையாக அமைந்துவிடாது. அமெரிக்காவின் சிகாகோ நகரம் இதற்குச் சான்று. 2022இல் புரோபப்ளிகா என்னும் செய்தி நிறுவனம் அந்நகரின் கேமரா அபராதங்களை ஆராய்ந்தது. கறுப்பின, லத்தீன் மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளின் குடும்பங்கள், வெள்ளையர் பகுதிகளைவிட ஏறத்தாழ இரு மடங்கு விகிதத்தில் அபராதம் பெற்றிருந்தன. வேகத்தைத் தூண்டும் அகலமான சாலைகளும் நடைபாதை குறைந்த தெருக்களும் அதற்கான காரணங்களுள் அடங்கும். கேமரா யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. நகரத்தைக் கட்டியவர்கள் முன்பே தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், அதிவேகத்துக்கு இலகுரக வாகனங்கள் மீது 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. சொகுசுக் கார் உரிமையாளருக்கும் லோடு ஆட்டோ ஓட்டிப் பிழைப்பவருக்கும் ஒரே வரம்புதான். 2025–26 நிதியாண்டில் தமிழ்நாட்டின் நூறு நாள் வேலைத் திட்டக் கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். அந்தக் கணக்கில், குறைந்தபட்ச அபராதமே மூன்று நாள் உழைப்பு. முன்னவருக்கு அது தண்டனையே அன்று. பின்னவருக்கு அது கடன். பின்லாந்தில் கடுமையான வேக மீறலுக்கு வருமானத்தை ஒட்டியே அபராதம் கணக்கிடப்படுகிறது. 2023இல் 50 கிலோமீட்டர் வரம்புள்ள சாலையில் 82இல் சென்ற செல்வந்தர் ஒருவர் 1,21,000 யூரோ கட்ட நேர்ந்தது. சட்டத்தின் முன் சமம் என்பதற்கு, வலியும் சமமாக இருக்க வேண்டும் என்று பொருள் கொண்ட ஏற்பாடு அது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கேமரா படம் பிடிப்பது எண் பலகையை. அறிவிப்பு செல்வது பதிவுபெற்ற உரிமையாளருக்கு. வாடகை வண்டியானால் அத்தொகை ஓட்டுநரின் கூலியில் பிடிக்கப்படுகிறது. பெயர் மாற்றாத பழைய வண்டியானால், குறுஞ்செய்தி யாரோ ஒருவரின் கைபேசிக்குப் போகிறது. இத்தனை நடைகளுக்குள் சரக்கைச் சேர்த்தாக வேண்டும் என்று நெருக்கும் முதலாளியோ எந்தப் படத்திலும் இல்லை. இரண்டாம் முறை அதே குற்றம் நிகழ்ந்தால் ஓட்டுநர் உரிமத்தைக் கைப்பற்றவும் சட்டம் வழி செய்கிறது. உரிமமே சோறு போடுகிறவருக்கு இது வெறும் அபராதம் அன்று.

அதே சட்டம் அரசையும் கட்டுப்படுத்துகிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 2021 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட 167ஏ விதி, கருவிக்கு அங்கீகாரச் சான்றிதழ் வேண்டும், அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும், கண்காணிக்கப்படும் சாலையில் முன்னெச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும், குற்ற அறிவிப்பு 15 நாட்களுக்குள் அனுப்பப்பட வேண்டும் என வகுத்தது. தெளிவான படம், அளவிடப்பட்ட வேகம், இடம், நாள், நேரம் ஆகியவையும் மின்னணுச் சான்றுக்குரிய சான்றிதழும் உடன் வர வேண்டும். இவை சலுகைகள் அல்ல. தண்டிக்கும் அதிகாரத்துக்கு இடப்பட்ட நிபந்தனைகள். பணம் கட்டித் தீர்ப்பது குற்றத்தை ஏற்பதற்கு ஒப்பாகும். ஆகவே கட்டுமுன் இவற்றைச் சரிபார்க்க வேண்டும். ஐயமிருந்தால் நீதிமன்றத்தில் மறுக்கலாம்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்பார்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆவது பிரிவு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவியை உரிமையாக்கியுள்ளது. வட்ட அளவிலேயே இதற்கான குழுக்கள் இயங்குகின்றன. ஆயிரம் ரூபாய் வழக்குக்கு இது தேவையா என்று கேட்பவர்களுக்கு, அந்த ஆயிரம் யாருடைய ஆயிரம் என்பதே நமது விடை.

கல்லூரி மாணவர்கள் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. தத்தம் நகரில் கேமராக்கள் எங்கெங்கே உள்ளன, அவற்றின் சான்றிதழ்கள் புதுப்பிக்கப்பட்டுள்ளனவா, எந்தப் பகுதியினர் எவ்வளவு அபராதம் கட்டியுள்ளனர் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்கலாம். சிகாகோவின் உண்மை, கணக்கெடுத்த பின்னரே வெளிப்பட்டது. நம் சாலைகளின் கணக்கை நாம்தான் எடுக்க வேண்டும்.