குடலும் ஓடப் பழக வேண்டும்

ஓட்டம் பழகத் தொடங்குவோருக்குக் காலணியைப் பற்றிச் சொல்ல ஆள் உண்டு. முழங்காலைப் பற்றிச் சொல்ல ஆள் உண்டு. மூச்சை எப்படி இழுத்து விடுவது என்று கற்பிக்கப் பத்துப் பேர் முன்வருவார்கள். வயிற்றைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. புதிதாக ஓடுபவர் பாதி வழியில் நின்றுவிடுவதற்குக் கால்வலியைப் போலவே வயிற்றுப் பிடிப்பும் குமட்டலும் அடக்க முடியாத மலவேகமும் காரணமாகின்றன. கால்வலியை வெளியே சொல்லலாம்; மற்றதைச் சொல்லக் கூச்சம் தடுக்கிறது. அதனால் அவர் ‘எனக்கு ஓட்டம் ஒத்துவரவில்லை’ என்ற ஒரே சொல்லோடு விலகிவிடுகிறார். அந்தச் சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்வது தவறு. ஒத்துவராதது பெரும்பாலும் ஓட்டம் அன்று. ஓட்டம் கற்பிக்கப்படும் முறையும் ஓடும் இடத்தின் ஏற்பாடும்தான்.

முதலில் உடலியல். ஓய்வில் இருக்கும்போது இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இரைப்பை, குடல், கல்லீரல் முதலிய உறுப்புகளுக்குச் செல்கிறது. ஓடத் தொடங்கியதும் உடல் தன் முன்னுரிமையை மாற்றிக்கொள்கிறது: தசைக்கு உயிர்வளி வேண்டும், தோலின் வழியே வெப்பம் வெளியேற வேண்டும். ஆகவே குடலுக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. கடும் ஓட்டத்தில் பாதிக்கும் கீழே இறங்குகிறது. வெயிலும் நீரிழப்பும் இதை மேலும் மோசமாக்கும. இத்துடன் ஒவ்வோர் அடிக்கும் குடல் குலுங்குகிறது. பதற்றத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் அதன் இயக்கத்தைக் குழப்புகின்றன. பழகாத உடலில் இவை அனைத்தும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. இதில் மனவலிமைக்கும் கோழைத்தனத்துக்கும் இடமே இல்லை.

நெடுந்தொலைவு ஓடுவோரிடையே இத்தொல்லை எவ்வளவு பரவலானது என்பதற்கு ஆய்வுகள் தரும் எண்கள் 30 விழுக்காட்டிலிருந்து 90 விழுக்காடு வரை வேறுபடுகின்றன. தொலைவு, வெப்பம், கேள்வி கேட்கப்பட்ட விதம் ஆகியவற்றைப் பொறுத்து எண் மாறுகிறது. ஆனால் மிகக் குறைந்த மதிப்பீட்டின்படியே பார்த்தாலும் இது அரிதான குறைபாடு அன்று. 2005ஆம் ஆண்டு லண்டன் மாரத்தானில் பவுலா ராட்கிளிஃப் வயிற்றுத் தொல்லையால் சாலையோரத்தில் ஒதுங்கி நின்று, மீண்டும் ஓடி, 2 மணி 17 நிமிடம் 42 நொடிகளில் வெற்றி பெற்றார். உலகின் தலைசிறந்த ஓட்டக்காரரையே விடாத ஒன்றுக்காக, பல்கலைக்கழக மைதானத்தை மூன்று முறை சுற்றும் மாணவி வெட்கப்பட வேண்டியதில்லை.

குடல் பழக்கத்துக்கு உட்படும் உறுப்பு என்பது அடுத்த செய்தி. 2017இல் ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரம் ஓட்டத்தின்போது மாவுச்சத்து உட்கொண்டு பழகிய ஓட்டக்காரர்களுக்கு வயிற்றுத் தொல்லை குறைந்தது. குடல் சர்க்கரையை உறிஞ்சும் வழியை இந்தியர் நன்கறிவர். 1971இல் வங்காளத்தின் பன்கான் அகதி முகாமில் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரால் காலரா நோயாளிகளைக் காத்தபோது பயன்பட்டது அதே வழிதான்: குடற்சுவரில் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து உள்ளே நுழைய, நீரும் அவற்றைத் தொடர்ந்து செல்கிறது. கலவை மிதமாக இருக்கும்வரைதான் இது நடக்கும். சர்க்கரை மிகுந்தால் நீர் எதிர்த்திசையில் குடலுக்குள் இழுக்கப்படும். அடர்ந்த சர்க்கரைக் கூழை நீரின்றி விழுங்கிவிட்டு ஓடுபவரின் வயிறு கலங்குவது இதனால்தான். ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக ஓடும் புதியவருக்கு அத்தகைய பொருள் எதுவும் தேவையில்லை என்பதை விற்பவர் சொல்லமாட்டார். கற்பிப்பவராவது சொல்ல வேண்டும்.

உணவைப் பற்றிய அறிவுரையும் பெரும்பாலும் பிறநாட்டுச் சமையலறையிலிருந்து இறங்கி வருகிறது. இந்திய மாணவர் விடுதியின் நாள் வேறு விதமாக அமைகிறது. இரவு ஒன்பது மணிக்கு மேல் ராஜ்மாவோ கொண்டைக்கடலையோ சப்பாத்தியுடன் வருகிறது. காலை ஐந்தரைக்கு ஒரு குவளைப் பாலுடன் ஓட்டம் தொடங்குகிறது. பயறு வகைகள், வெங்காயம், பூண்டு, கோதுமை ஆகியவற்றில் பெருங்குடலில் நொதித்து வாயுவை உண்டாக்கும் மாவுப்பொருள்கள் உள்ளன. இந்தியாவில் வளர்ந்தோரில் பெரும்பகுதியினருக்குப் பாலின் லாக்டோஸைச் செரிக்கும் ஆற்றலும் குறைவு. இதைக் கேட்டவுடன் பருப்பையும் பயற்றையும் நிரந்தரமாகத் தள்ளிவைப்பது அறிவீனம்; எளிய மாணவருக்கு மலிவாகக் கிடைக்கும் புரதம் அவைதான். மாற்ற வேண்டியது நேரத்தை மட்டுமே. நீண்ட ஓட்டத்துக்கு முந்தைய இரவு சோறும் தயிரும் போன்ற எளிய உணவு, காலையில் தேவைப்பட்டால் சிறிது அவலோ இட்லியோ, பெரிய உணவுக்கும் ஓட்டத்துக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேர இடைவெளி, காப்பி அருந்தினால் வயிறு கழியும்வரை அறையிலேயே காத்திருத்தல், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம் ஆகியவை போதும். என்ன உண்டார், எப்போது ஓடினார், என்ன நேர்ந்தது என்று இரண்டு வாரம் குறித்துவைத்தால் தனக்கு எது ஆகாது என்பது பெரும்பாலோருக்கு விளங்கிவிடும்.

மௌனத்தின் உண்மையான கேடு மாத்திரையில் வெளிப்படுகிறது. வெளியே சொல்ல முடியாதவர் மருந்துக்கடையில் வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையை வாங்குகிறார். வலி வராமலிருக்க ஓட்டத்துக்கு முன்பே ஐபுபுரூஃபென் விழுங்குகிறார். இரத்தம் குறைந்து ஏற்கெனவே நலிந்திருக்கும் குடற்சுவரை ஐபுபுரூஃபென் மேலும் சேதப்படுத்துகிறது என்பதை 2012இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஆரோக்கியமானவர்களிடமே காட்டியது. மலத்தில் இரத்தம், காரணமற்ற எடையிழப்பு, உறக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, காய்ச்சல் ஆகியவை இருந்தால் அதை ஓட்டத்தின் கணக்கில் எழுதாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். வாய் திறக்கப் பழகாதவர் இந்த எல்லையையும் கவனிக்காமல் கடந்துவிடுவார்.

இதுவரை சொன்னவை தனிமனிதரின் கையில் உள்ளவை. மீதிப் பாதி அவர் கையில் இல்லை. இந்திய நகரத்தில் ஓடும் ஒருவருக்கு விடியற்காலை ஐந்து மணிக்குத் திறந்திருக்கும் தூய கழிப்பறை எங்கே? ஆணுக்கு இது இடர். பெண்ணுக்கு இது தடை. மும்பையில் 2011இல் தொடங்கிய ‘ரைட் டு பீ’ இயக்கம், ஆண்கள் இலவசமாகச் சிறுநீர் கழிக்கும் இடத்தில் பெண்களிடம் மட்டும் காசு வாங்குவதை எதிர்த்தது. அதே ஆண்டு வெளிவந்த ‘வொய் லாய்ட்டர்?’ என்ற நூல், பொது இடத்தில் பெண்ணுக்கு இடமுண்டா என்ற கேள்வியைக் கழிப்பறையோடு இணைத்துப் பேசியது. ஓட்டம் அந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. மாதவிடாய் நாள்களில் சுரக்கும் புராஸ்டாகிளாண்டின்கள் குடலையும் இளக்குகின்றன. கழிப்பறை இல்லையென்பதால் நீர் அருந்தாமல் ஓடும் பெண், நீரிழப்பால் அதே வயிற்றுத் தொல்லையைப் பெரிதாக்கிக்கொள்கிறார். பெருநகர மாரத்தான்களில் பந்தய நாளன்று தற்காலிகக் கழிப்பறைகள் வரிசையாக நிற்கும். அந்த நாளுக்காக ஓடிப் பழகும் மாதங்களில் அவை இருக்காது.

‘எல்லோரும் இப்படித்தான் தொடங்கினோம், போகப் போகச் சரியாகிவிடும்’ என்று மூத்த ஓட்டக்காரர்கள் கூறுவதுண்டு. அதில் உண்மை உண்டு; உடல் பழகப் பழகப் பலருக்குத் தொல்லை தணிகிறது. ஆனால் இந்தச் சான்றை ஆய்வாளர் ஒருவர் எளிதில் ஏற்கக் கூடாது. ‘சரியாகிவிட்டது’ என்று சொல்ல மைதானத்தில் எஞ்சியிருப்பவர்கள் சரியானவர்கள் மட்டுமே. வயிறு ஒத்துழைக்காதவரும், ஒதுங்க இடமில்லாதவரும், ஒருமுறை அவமானப்பட்டவரும் அந்த மாதிரியிலேயே இல்லை. தப்பியவர்களை மட்டும் எண்ணிவிட்டு முடிவு எழுதுவது எந்தத் துறையிலும் பிழைதான்.

ஓட்டக்குழு நடத்துவோரும் கல்லூரி உடற்கல்வித் துறைகளும் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். முதல் நாள் அறிவுரையில் காலணிக்குப் பக்கத்தில் வயிற்றுக்கும் இரண்டு வரி ஒதுக்கலாம். வழித்தடம் வகுக்கும்போது கழிப்பறை இருக்கும் இடத்தைக் குறிக்கலாம். மைதானத்துக் கழிப்பறையின் பூட்டை முதல் ஓட்டக்காரர் வருவதற்கு முன்பே திறந்துவைக்கலாம். இவற்றுக்குப் பெருந்தொகை எதுவும் தேவைப்படாது. ‘ஒத்துவரவில்லை’ என்று சொல்லி விலகுபவரிடம் ஏன் என்று ஒருமுறை கேட்பதிலிருந்து இது தொடங்கலாம்.