கேள்வியற்ற பத்திகள்

நமது கல்லூரிகளில் எழுதப்படும் தமிழ்க் கட்டுரைகளில் பத்தி என்ற ஒன்று இல்லை. வரியின் தொடக்கத்தில் விரலளவு இடம் விடப்படுகிறது. ஏழெட்டு வரிகளுக்குப் பின் மீண்டும் விடப்படுகிறது. இரண்டுக்கும் நடுவே வாக்கியங்கள் இருக்கின்றன. பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்களைப் போல, ஒரே இடத்தில் நிற்பதைத் தவிர ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லாத வாக்கியங்கள். விடைத்தாள்களையும் ஆய்வேடுகளையும் பதினெட்டு ஆண்டுகளாகப் படித்துவரும் ஆசிரியன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். மிகைப்படுத்துவதாக எண்ணுவோர் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மாணவர் கட்டுரை ஒன்றில் ஏதேனும் ஒரு பத்தியை எடுத்து, மூன்றாம் வாக்கியத்தை ஐந்தாம் இடத்திலும் ஐந்தாவதை இரண்டாம் இடத்திலும் மாற்றி வைத்துப் படித்துப் பாருங்கள். பத்துக்கு எட்டு முறை எந்தச் சேதமும் நேர்ந்திருக்காது. கலைத்துப் போட்டாலும் கெடாத ஒன்றுக்குக் குவியல் என்று பெயர்.

மாணவர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. குவியலை நாம்தான் கற்றுக்கொடுக்கிறோம். பள்ளியில் கட்டுரை வினாவோடு குறிப்புச் சட்டகம் ஒன்றும் தரப்படுகிறது. முன்னுரையில் தொடங்கி, நாலைந்து உட்தலைப்புகளின் வழியாக முடிவுரையில் முடியும் சட்டகம். மாணவரின் வேலை, தலைப்புகளைக் கறுப்பு மையால் எழுதி அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றின் கீழும் தெரிந்ததை இட்டு நிரப்புவது. ஏரிகளைப் பற்றி எழுதச் சொன்னால் வருவது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"தமிழகத்தில் ஏரிகள் பல உள்ளன. ஏரிகள் வேளாண்மைக்கு மிகவும் உதவுகின்றன. நம் முன்னோர் ஏரிகளை வெட்டினர். மேலும், ஏரிகள் நிலத்தடி நீரை உயர்த்துகின்றன. இன்று ஏரிகள் ஆக்கிரமிக்கப்படுகின்றன. ஏரிகளைக் காப்பது நம் கடமையாகும்."

ஒரு வாக்கியத்தில்கூடப் பிழை இல்லை. சந்தி சரி, செய்தி சரி. மதிப்பெண் குறைக்க ஆசிரியருக்கு ஒரு காரணமும் கிடைக்காது. ஆனால் இதை எழுதிய பிள்ளை ஏரியைப் பற்றி ஒரு கணமும் சிந்திக்கவில்லை. சிந்திக்க வேண்டிய தேவையை நாம் அந்தப் பிள்ளைக்கு உண்டாக்கவில்லை. முதல் வாக்கியம் எந்தக் கேள்வியையும் எழுப்பாததால் இரண்டாம் வாக்கியத்துக்கு விடை சொல்லும் பொறுப்பு இல்லை. அந்த நடுவில் நிற்கும் "மேலும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். தமிழ்க் கட்டுரையின் கொல்லன் பட்டறைப் பசை அது. எதையும் எதனோடும் ஒட்டும். ஒரு கட்டு விடைத்தாளில் "மேலும்" எத்தனை முறை வருகிறது, "ஆனால்", "ஏனெனில்", "எனினும்" எத்தனை முறை வருகின்றன என்று எண்ணினாலே நோய் எங்கே என்பது விளங்கும். "மேலும்" என்று எழுத முன்வாக்கியத்தைப் படித்திருக்க வேண்டியதில்லை. "ஆனால்" என்று எழுதப் படித்தே ஆகவேண்டும்.

இதே ஏரியை வேறுவிதமாகத் தொடங்கிப் பார்ப்போம். ஏரி நிறைந்த பிறகு வருகிற நீர் என்ன ஆகிறது? கேள்வியை இப்படி வைத்துக்கொண்டால் பத்தி தானாக நடக்கத் தொடங்குகிறது:

"ஏரியைக் காப்பது கரை மட்டுமன்று, கலங்கலும்தான். ஏரி நிறைந்தபின் எஞ்சும் நீர் கரையை உடைத்துவிடாமல் வெளியேறுவதற்காகக் கட்டப்பட்ட வழி அது. வெளியேறும் நீர் வீணாவதும் இல்லை. தொடர் ஏரிகள் உள்ள பகுதிகளில் அது கால்வாய் வழியே தாழ்வில் உள்ள அடுத்த ஏரிக்குச் செல்கிறது. எனவே மேலூரார் தங்கள் கலங்கலை ஒரு முழம் உயர்த்திக் கட்டினால் அவர்களுக்கு நீர் கூடும், கீழூருக்கு வரவேண்டியது குறையும். கலங்கலின் உயரம் அந்த ஒரே ஊர் மட்டும் முடிவு செய்துகொள்ளக்கூடிய செய்தியன்று."

இது பெரிய இலக்கியம் அல்ல. ஆனால் இதன் வாக்கியங்களைக் கலைக்க முடியாது. கலங்கல் என்றதும் அது எதற்கு என்ற கேள்வி. நீர் வெளியேறுகிறது என்றதும் எங்கே போகிறது என்ற கேள்வி. அடுத்த ஏரிக்கு என்றதும் அப்படியானால் தடுத்தால் என்னாகும் என்ற கேள்வி. கேள்விகள் எழுதப்படவில்லை, விடைகள் மட்டும் எழுதப்பட்டிருக்கின்றன. பத்தியை வளர்ப்பதற்கு எனக்குத் தெரிந்த முறை இது ஒன்றே. எழுதிய வாக்கியத்தின்முன் ஒரு பிடிவாதக்கார வாசகரை உட்கார வைத்து, அவர் "எப்படி?", "ஏன்?", "எங்கே கண்டீர்?", "அதனாலென்ன?" என்று கேட்பதற்கெல்லாம் பதில் சொல்வது. அவர் கேட்பதை நிறுத்தும் இடத்தில் பத்தி முடிகிறது. அவர் வேறொன்றைக் கேட்கத் தொடங்கும் இடத்தில் அடுத்தது தொடங்குகிறது.

இந்த இடத்தில் ஆங்கிலத் துறை நண்பர்கள் குறுக்கிடுவார்கள். பத்தியின் முதல் வாக்கியம் கருவாக்கியமாக இருக்கவேண்டும், மற்றவை அதைத் தாங்கவேண்டும், கடைசி வாக்கியம் அதை முடித்துவைக்க வேண்டும் என்று அவர்களிடம் ஒரு சூத்திரம் உண்டு. இப்போது தமிழ்ப் பயிலரங்குகளிலும் அதையே இறக்குமதி செய்கிறோம். அந்தச் சூத்திரத்தின் வயது அதிகமில்லை. அபர்டீன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்சாண்டர் பெயின் 1866இல் வெளியிட்ட எழுத்துப்பயிற்சி நூலில் பத்திக்கு விதிகள் வகுத்தார். முதல் வாக்கியம் பத்தியின் பொருளைச் சுட்டவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அதைப் பின்வந்த பாடநூல்கள் இறுக்கி இறுக்கிச் சட்டமாக்கின. எழுத்தாளர்கள் உண்மையில் அப்படித்தான் எழுதுகிறார்களா என்று ரிச்சர்டு பிராடக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1974இல் எண்ணிப் பார்த்தார். புகழ்பெற்ற அமெரிக்க இதழ்களில் வந்த 25 கட்டுரைகளை எடுத்துக்கொண்டு ஆராய்ந்ததில், கருவாக்கியத்தோடு தொடங்கிய பத்திகள் ஏறத்தாழ 13 விழுக்காடுதான். அவர்கள் ஊரிலேயே நல்ல எழுத்தாளர் பின்பற்றாத விதியை நாம் நம் பிள்ளைகளுக்குப் பிரம்பெடுத்துச் சொல்லிக்கொடுக்கிறோம். (கருவாக்கியம் கூடாது என்று சொல்லவில்லை. எழுதுகிறவருக்குத் தம் பத்தியின் கரு தெரிந்திருக்கவே வேண்டும். அதை முதல் வரியில் கொட்டிவிட்டு மிச்சத்தைத் திணிப்பால் நிரப்புவதைத்தான் மறுக்கிறேன்.)

இதில் வேதனை என்னவென்றால், கேள்வியால் பத்தியை நடத்தும் கலை நமக்கு அந்நியமானதே அன்று. தமிழ் உரைநடை பிறந்ததே அதில்தான். இறையனார் களவியலுரையைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: "என்னை" என்று ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், "எனின்" என்று ஒருவர் விடை சொல்லிக்கொண்டே இருக்கிறார். கேட்பவரும் சொல்பவரும் ஒருவரே. சேனாவரையர் தமக்கு முந்தைய உரையை மறுக்குமிடங்களில், எதிராளியின் வாதத்தை அவரே முன்வந்து சொல்லி, அதற்கு ஒரு வலுவும் சேர்த்து, அதன் பிறகே உடைக்கிறார். பரிமேலழகர் ஓர் அதிகாரத்தைத் தொடங்கும்போது இது முன்னதன் பின் ஏன் வந்தது என்று காரணம் காட்டாமல் உள்ளே நுழைவதில்லை. அவர் காட்டும் காரணம் சில இடங்களில் வலிந்து கொண்டதாகவும் இருக்கலாம். ஆனால் காரணம் சொல்லாமல் அடுத்த பொருளுக்குப் போவது பிழை என்ற உணர்வு அவருக்கு இருந்தது. நமக்கு இல்லை. நாம் உட்தலைப்புப் போட்டு அடிக்கோடிட்டுவிட்டால் தாண்டிவிட்டதாகக் கருதுகிறோம்.

இத்தனைக்கும் அந்த உரைகள் ஓலையில் வாழ்ந்தபோது கண்ணுக்குத் தெரியும் பத்திப் பிரிவு எதுவும் அவற்றுக்கு இல்லை. இன்று நாம் பழகிய நிறுத்தற்குறிகள் இல்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளிகூடப் பெரும்பாலும் இல்லை. மூலம் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதே பதிப்பாசிரியர்கள் தலையை உடைத்துக்கொள்ள வேண்டிய வேலையாக இருந்தது. நிறுத்தற்குறிகளைத் தமிழ் உரைநடையில் விரிவாகவும் ஒழுங்காகவும் கையாண்ட ஆறுமுக நாவலர் பிறந்ததே 1822இல். வெள்ளை இடமும் காற்புள்ளியும் அச்சு நமக்குத் தந்த கொடை. உரையாசிரியர்களுக்கு அந்த வசதி இல்லாததால் இணைப்பு முழுவதையும் சொற்களாலேயே செய்ய வேண்டியிருந்தது: "அற்றேல்", "அஃதேல்", "அற்றன்று", "ஆகலின்". நமக்கோ வெள்ளை இடம் கிடைத்தது, இணைப்பைக் கைவிட்டோம்.

முதுகலை வகுப்பில் நன்னூல் பாடம் சொல்கிறோம். பொதுப்பாயிரத்தில் நூலுக்குரிய 10 குற்றங்கள், 10 அழகுகள், 32 உத்திகள் இருக்கின்றன. மாணவர் அவற்றை வரிசை பிசகாமல் ஒப்பிப்பார். "சென்று தேய்ந்து இறுதல்" என்று அதே மாணவர் ஒரு பத்தியை முழு வேகத்தில் தொடங்கித் தேய்ந்து முடியும் நான்காம் பக்கத்தில் எழுதியிருப்பார். அது தம் விடைத்தாளுக்கே பொருந்தும் என்று அவருக்குத் தோன்றாது, நாமும் சொல்வதில்லை. சூத்திரங்கள் ஒன்றோடொன்று நிற்கும் நிலையை நன்னூலார் நான்காகச் சொல்கிறார். இடையறாது செல்லும் ஆற்றொழுக்கு. முன்னும் பின்னும் திரும்பிப் பார்க்கும் அரிமா நோக்கு. இடையில் உள்ளதைத் தாண்டி அப்பால் உள்ளதோடு இயையும் தவளைப் பாய்த்து. வேண்டியதைக் கவர்ந்துகொண்டு அகலும் பருந்தின் வீழ்வு. பத்திகள் ஒன்றையொன்று தொடுவதற்கு இதைவிட நுட்பமான பாகுபாட்டை நான் வேறெங்கும் படித்ததில்லை. இதை ஐந்து மதிப்பெண் வினாவாக அடக்கி வைத்திருக்கிறோம். அரிமா நோக்கில் ஒரு பத்தி எழுதிக்காட்டுக என்று எந்த வினாத்தாளும் கேட்டு நான் பார்த்ததில்லை.

பள்ளியில் விதைத்தது ஆய்வேட்டில் விளைகிறது. முனைவர் பட்ட ஆய்வேட்டின் பத்தி ஒன்றுக்கு இன்று ஒரு வாய்பாடு உண்டு. முதலில் ஓர் அறிஞரின் மேற்கோள். அதன்பின் மற்றோர் அறிஞரின் மேற்கோள். கடைசியில் "இதன்வழி அறியமுடிகிறது" அல்லது "என்பது புலனாகிறது". யாருக்குப் புலனானது, எப்படிப் புலனானது, இரு அறிஞரும் ஒன்றையே சொன்னார்களா, முரண்பட்டார்களா என்ற விசாரணை கிடையாது. இரு மேற்கோள்களும் நேர் எதிராக நிற்க, அடியில் அமைதியாகப் "புலனாகிறது" என்று முடிந்த பத்திகளை நான் கண்டிருக்கிறேன். பிறகு இயலின் இறுதியில் தொகுப்புரை. ஆய்வேட்டின் இறுதியில் தொகுப்புரைகளின் தொகுப்புரை. "கூறியது கூறல்" பத்துக் குற்றங்களுள் ஒன்று என்பதை முதலாண்டில் மனப்பாடம் செய்தவர்தாம் இதை எழுதுகிறார். தமிழில் வாதம் செய்ய முடியாது, தமிழில் விமரிசனம் வளரவில்லை என்று புலம்புகிறவர்கள், மொழியைக் குறைகூறுமுன் இந்தப் பத்திகளைப் பார்க்கட்டும். "ஆனால்" என்று எழுதப் பழகாத ஒருவர் திடீரென்று எங்கிருந்து விமரிசகராவார்?

கல்லூரிக்கு வெளியே நிலைமை மேலா என்றால், அங்கே வேறு நோய். ஒரு வாக்கியம், ஒரு பத்தி. மறுபடி ஒரு வாக்கியம், ஒரு பத்தி. வாசகருக்குக் களைப்பு வரக்கூடாதாம். ஒவ்வொரு வாக்கியத்தையும் தனியே நிறுத்திவிட்டால் ஒன்றுக்கொன்று என்ன உறவு என்று சொல்லும் கடமையிலிருந்து எழுதுகிறவர் தப்பிவிடுகிறார். அந்த மௌனத்துக்கு ஆழம் என்ற பெயரும் கிடைத்துவிடுகிறது. மூன்று பக்கம் முற்றுப்புள்ளியோடும் பத்திப் பிரிவோடும் பகைகொண்டு எழுதும் தீவிர இலக்கிய நண்பர்களைப் பற்றி இங்கே பேசவில்லை. அவர்களில் இருவர் மூவருக்கு அது கைவந்திருக்கிறது. மற்றவர்களைக் காலம் பார்த்துக்கொள்ளும்.

ஈழத்துப் பள்ளிகளில் பத்தியைப் பந்தி என்பார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். நமக்குப் பந்தி என்றால் முதலில் நினைவுக்கு வருவது இலை போட்டு உட்காருவது. எந்த இலைக்குப் பின் எந்த இலை, யாருக்குப் பக்கத்தில் யார் என்பதில் நம் கல்யாண வீட்டுப் பெரியவர்கள் காட்டும் கவலையில் நூற்றில் ஒரு பங்கை நம் கட்டுரை ஆசிரியர்கள் வாக்கியங்களிடம் காட்டினால் போதும்.

"அறுபது பேர் உள்ள வகுப்பில் இதெல்லாம் ஆகிற காரியமா? சட்டகம் தந்தால்தான் கடைசி வரிசை மாணவரும் ஏதாவது எழுதுவார்" என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், சட்டகத்தால் தேர்ச்சி கூடும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் கடைசி வரிசை மாணவர் டீக்கடையில் வாதிடுவதைக் கேட்டிருக்கிறேன். காரணம் சொல்கிறார், மறுக்கிறார், "சரி, அப்படியே வெச்சுக்குவோம், ஆனா" என்று எதிராளியின் வாதத்தை எடுத்து உடைக்கிறார். சேனாவரையர் செய்ததும் அதுவே. அந்தத் திறமையை வகுப்பறை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்வது நம் சட்டகம். ஐந்து பக்கக் கட்டுரைக்குச் சிவப்பு மையால் சரி போடுவதற்கு ஆகும் நேரத்தில், ஒரே ஒரு பத்தியை வாங்கி அதன் ஓரத்தில் "எப்படி?" என்றும் "அதனால்?" என்றும் எழுதித் திருப்பிக் கொடுக்க முடியும். வினாத்தாள் தயாரிக்கிறவர்கள் இதைக்கூடச் செய்ய வேண்டாம். ஏரி பற்றிய கட்டுரை வினாவை வைத்துக்கொண்டு, அதன் கீழுள்ள குறிப்புச் சட்டகத்தை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இப்படிக் கேட்கலாம்: உங்கள் ஊர் ஏரி நிறைந்தால் நீர் எங்கே போகிறது? ஒரு பத்தியில் விடை எழுதுக.