நெசவுக் கூலி விலைவாசியோடு உயர வேண்டும்

ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரி முதல் டிசம்பர் வரை ரெப்போ வட்டியை 6.5 சதவீதத்திலிருந்து 5.25 சதவீதமாகக் குறைத்தது. அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதத்துக்கு இறங்கியது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிகளுக்கு இந்த நல்ல செய்தியால் பெரிய பலன் இல்லை. பணவீக்கம் குறைந்தால் விலை ஏறும் வேகம்தான் குறையும். ஏறிய விலை இறங்காது. அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி கணக்கிடப்படுகிறது. புடவைக்கு இவ்வளவு என்று வாங்கும் நெசவாளிக்கோ, கூட்டுறவுச் சங்கத்தில் அரசு அறிவித்தால்தான், தனியாரிடம் பேச்சுவார்த்தை முடிந்தால்தான் கூலி உயரும். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழ்.

வட்டி குறைந்தால் வீட்டுக்கடன்காரரின் தவணைச் சுமை குறைகிறது. பங்கும் மனையும் வைத்திருப்பவரின் சொத்து ஏற வழி பிறக்கிறது. முதலாளியிடம் முன்பணம் வாங்கித் தறி ஓட்டுபவரின் கடனை ரெப்போ வட்டி தொடுவதே இல்லை. தங்கத்தைப் பாருங்கள்: 2020 தொடக்கத்தில் 30,000 ரூபாயை ஒட்டியிருந்த சவரன், 2025 செப்டம்பரில் 80,000 ரூபாயைத் தாண்டியது. வெள்ளி 2025 ஒரே ஆண்டில் இருமடங்கைக் கடந்தது. உலகச் சந்தையும் ரூபாயின் சரிவும் இதற்குக் காரணம்தான். ஆனால் பலன் சமமாகப் பிரியவில்லை. வெள்ளியும் தங்கமும் சேர்ந்த பட்டுச் சரிகையைப் பழைய விலையில் வாங்கிக் கையிருப்பில் வைத்திருக்கும் வியாபாரிக்குச் சரக்கின் மதிப்பு கூடுகிறது. அதே சரிகையை வைத்து நெய்பவருக்கோ, புடவை விலை ஏறி விற்பனை மந்தமானால், அடுத்த பாவு வரத் தாமதமாகிறது.

கூலியை உயர்த்தினால் விசைத்தறிப் போலிகள் சந்தையைப் பிடித்துவிடும் என்பார்கள். வெள்ளி விலைக்காகப் புடவை விலையை ஏற்றலாம், கூலிக்காக ஏற்றக் கூடாது என்பது நியாயமல்ல. போலியைத் தடுக்கப் புவிசார் குறியீடும் 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டமும் இருக்கின்றன. அவற்றைக் கறாராக அமல்படுத்துவதே வழி, நெசவாளியின் வயிற்றைக் கட்டுவதல்ல. பணவீக்கத்தைக் கட்டுப்படுத்துவதே ஏழைக்குச் செய்யும் பெரிய உதவி என்ற வாதம் இதைவிட வலுவானது. அதை ஏற்கிறோம், 4 சதவீத இலக்கு தொடரட்டும். ஆனால் அந்த இலக்கு பிசகாமல் நிறைவேறினாலும், ஐந்தாண்டு மாறாத கூலி தன் மதிப்பில் சுமார் 18 சதவீதத்தை இழந்துவிடும். இந்த இழப்பை ஈடுகட்ட ரிசர்வ் வங்கியால் முடியாது, மாநில அரசால் முடியும். கைத்தறித் துறையின் மேற்பார்வையில் உள்ள கூட்டுறவுச் சங்கங்களில் பட்டு நெசவுக் கூலியை நுகர்வோர் விலைக் குறியீட்டோடு இணைத்து, ஜனவரியிலும் ஜூலையிலும் தானாக உயரும்படி அரசாணை பிறப்பிக்க வேண்டும். அதையே குறைந்தபட்சமாகக் கொண்டு தனியார் உற்பத்தியாளர்களையும் முத்தரப்புப் பேச்சுக்கு அழைக்க வேண்டும்.