பைலட் மட்டும்தான் விமானப்படையா?



அக்டோபர் 8 அன்று காலை பிரேயரில் அறிவியல் சார் விமானப்படை நாள் பற்றிப் பேசினார். 1932ஆம் ஆண்டு இதே நாளில்தான் இந்திய விமானப்படை தொடங்கப்பட்டது என்று சொன்னார். கடைசியில், "உங்கள்ல யாரெல்லாம் விமானப்படைக்குப் போகப் போறீங்க?" என்று கேட்டார். நிறைய பேர் கை தூக்கினாங்க. "என்னவா போவீங்க?" என்றதும் எல்லாரும் ஒரே குரலில் "பைலட் சார்!" என்றார்கள். நானும் கை தூக்கியிருந்தேன். "நான் இன்ஜின் ரிப்பேர் பார்க்கிற வேலைக்குப் போவேன் சார்" என்றேன். பிரேயர் கிரவுண்டே சிரித்தது. வகுப்புக்கு வந்த பிறகு ஒரு நண்பன், "ஸ்பேனர் பிடிச்சா வளையல் மாட்டிக்குமே" என்றான். அவனோட எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பதில் சொல்லணும்னு தோணுச்சு. அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பைலட்டுகளை நான் குறைத்துப் பேசவில்லை. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் விமானதளத்தை எதிரி விமானங்கள் தாக்கிக்கொண்டிருந்தபோதே, நேட் என்ற சின்ன விமானத்தில் கிளம்பிப் போய்ச் சண்டையிட்டு உயிரைக் கொடுத்தார் நிர்மல் ஜித் சிங் செகோன். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவர்தான். அவரை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் கூடவே ஒரு கேள்வியும் வருகிறது. அந்த விமானம் அந்த நிமிடத்தில் பறக்கத் தயாராக நின்றதே, அதைத் தயார் செய்து வைத்தவர்கள் யார்? அவர்கள் பெயரை நான் எங்கேயும் படித்ததில்லை.

நம் ஊர்த் தேரோட்டத்தை நினைத்துப் பாருங்கள். தேர் மேலே இருக்கிற சாமியைத்தான் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக் கும்பிடுகிறோம். கீழே குனிந்து சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவரை யாரும் பார்ப்பதில்லை. அவர் ஒரு தடவை கை தவறினால் தேர் என்ன ஆகும்?

விமானப்படையின் ஆரம்பத்தைப் பார்த்தாலே இது புரியும். முதல் ஸ்குவாட்ரன் 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியில் உருவானது. அப்போது இருந்தது வாப்பிட்டி என்ற இரட்டை இறக்கை விமானம் நான்கு மட்டுமே. ஆறு அதிகாரிகளும் 19 'ஹவாய் சிப்பாய்'களும் இருந்தார்கள். ஹவாய் சிப்பாய் என்றால் வான் சிப்பாய் என்று அர்த்தம். பெயரில்தான் வான், வேலை எல்லாம் தரையில். ஆறு அதிகாரிகளில் ஐந்து பேர் பைலட். ஆறாவது ஆளான ஜே.என். டண்டன், உயரம் போதவில்லை என்பதால் பொருட்களை வழங்கும் பிரிவுக்குப் போனார். ஆக, முதல் நாளிலிருந்தே பறந்தவர்களைவிடப் பறக்க வைத்தவர்களே அதிகம்.

அப்படிச் சிப்பாயாகச் சேர்ந்தவர்களில் ஒருவர் ஹர்ஜிந்தர் சிங். இன்ஜினியரிங் படித்தவர், ஆனாலும் சிப்பாயாகவே சேர்ந்து ரிப்பேர் வேலையில் இறங்கினார். பிறகு ஏர் வைஸ் மார்ஷல் வரை உயர்ந்து, பராமரிப்புக் கமாண்டுக்கே தலைவர் ஆனார். "ஸ்பேனர் பிடிக்கிற வேலைதானே" என்று சிரிப்பவர்கள் இவர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு சம்பவம் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், பழைய லிபரேட்டர் என்ற பெரிய குண்டுவீச்சு விமானங்களை இனி பறக்கவே கூடாது என்று சிதைத்துக் கான்பூரில் போட்டுவிட்டுப் போனார்கள். நம் ஆட்கள் அவற்றைச் சரிசெய்தார்கள். 1948இல் அந்த விமானங்களை வைத்தே ஒரு ஸ்குவாட்ரன் தொடங்கினார்கள். இப்படி நாற்பதுக்கும் மேற்பட்டவை மீண்டும் பறந்தன. 1968 வரை நம் படையில் இருந்தன. பழைய இரும்புக் குவியலிலிருந்து ஒரு படைப்பிரிவு! இதைச் செய்தது துப்பாக்கி இல்லை, கை வேலை.

இன்று விமானப்படையில் ஏழு கமாண்டுகள் இருக்கின்றன. அதில் ஐந்து போர்ப்பணிக்கு. ஒன்று பயிற்சிக்கு, அது பெங்களூரில். இன்னொன்று பராமரிப்புக்கு, அது நாக்பூரில். நம் தமிழ்நாட்டிலும் சூலூரிலும் ஆவடியிலும் விமானப்படையின் பழுதுபார்க்கும் டிப்போக்கள் உண்டு. தாம்பரத்தில் மெக்கானிக் வேலைக்குப் பயிற்சி கொடுக்கும் நிலையமே இருக்கிறது.

அங்கே வேலை எப்படி நடக்கும் தெரியுமா? இன்ஜினுக்கு ஒருவர், உடற்பகுதிக்கு ஒருவர், மின்சாரத்துக்கு ஒருவர், ஆயுதத்துக்கு ஒருவர் என்று தனித்தனியாகப் பார்ப்பார்கள். பார்த்து முடித்ததும் அவரவர் 'பாரம் 700' என்ற படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதைப் படித்துப் பைலட்டும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விமானம் கிளம்பும். எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும் ஒரு மெக்கானிக்கின் கையெழுத்தை நம்பித்தான் மேலே போகிறார். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் பெய்த மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டது. சுமார் 800 பேர் வெள்ளத்துக்கு நடுவே தவித்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர் போய் உணவுப் பொட்டலங்களைப் போட்டது. ஜனங்கள் மேலே பார்த்துக் கை ஆட்டினார்கள். அந்த ஹெலிகாப்டரைக் கிளப்பிவிட்ட கைகள் தளத்திலேயே இருந்தன. அவர்களுக்கு யார் கை ஆட்டுவது?

சரி, வளையல் விஷயத்துக்கு வருகிறேன். விமானப்படையில் பெண்கள் பைலட் ஆனது 1994இல்தான். போர் விமானத்துக்கு 2016 ஜூனில் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூவரும் வந்தார்கள். அதிகாரியாக இல்லாமல் வீராங்கனையாகச் சேரும் வாய்ப்போ அக்னிவீர் திட்டத்தில்தான், 2023இல் நடைமுறைக்கு வந்தது. அதாவது 1932 முதல் கணக்குப் போட்டால் இந்தக் கதவு திறக்க 90 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

இந்தத் திட்டத்தில் எனக்கு ஒரு குறையும் உண்டு. நாலு வருஷம் முடிந்ததும் நூற்றுக்கு 25 பேர் வரைதான் தொடர முடியும். மெக்கானிக் வேலையில் கை பழகவே பல வருஷம் வேண்டும். பழகின கையை அனுப்பிவிட்டால் நஷ்டம் யாருக்கு? பெரியவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

நாம் யோசிக்க வேண்டியது வேறு. தொழில்நுட்பப் பக்கம் போகணும்னா பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் வேண்டும். இல்லாவிட்டால் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் மாதிரி டிப்ளமோ படிக்கலாம். ஆனால் பத்தாவது முடிச்சதும், "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு கணக்கு குரூப்பு, ஈஸியா ஏதாவது எடு" என்று வீட்டிலேயே சொல்லிவிடுகிறார்கள். 2016இல் திறந்த கதவும் 2023இல் திறந்த கதவும் நமக்கு அந்த ஒரு வார்த்தையிலேயே மூடிக்கொள்கிறது.

இதில் பள்ளிக்கும் பங்கு இருக்கிறது. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெஞ்சு கால் ஆடினால் பசங்களைக் கூப்பிடுகிறோம். லேபில் ஸ்க்ரூ கழற்றணும்னா பசங்களைக் கூப்பிடுகிறோம். விழா என்றால் கோலம் போட எங்களைக் கூப்பிடுகிறோம். கோலம் போட எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஸ்க்ரூ டிரைவரையும் ஒரு தடவை எங்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். அக்காவின் சைக்கிள் செயின் கழன்றால் நான்தான் மாட்டுகிறேன். வளையல் இடைஞ்சலாக இருந்தால் கழற்றி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

அடுத்த அக்டோபர் 8 அன்று சார் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்கட்டும். "பைலட்" என்று நிறைய கைகள் உயரட்டும். அவற்றோடு "மெக்கானிக்" என்று நாலு கைகளாவது உயர வேண்டும், அதில் இரண்டாவது பெண்கள் கையாக இருக்க வேண்டும். அன்றைக்கு யாரும் சிரிக்கக் கூடாது. இதுவே என் கருத்து.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி