ருஜு எங்கே?

நம்மிடம் ஒருவன் வந்து, "உன் தகப்பன் எனக்கு ஆயிரம் ரூபாய் கடன் பாக்கி, எடு பணத்தை" என்று கேட்பானேயானால் நாம் என்ன சொல்லுவோம்? "நோட்டு எங்கே? சாக்ஷி யார்?" என்று கேட்போமே அல்லாமல் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடமாட்டோம். ஆனால், "உன் தகப்பன் மேலோகத்தில் பசியோடு இருக்கின்றான், இங்கே அரிசியும் காயும் என்னிடம் கொடுத்தால் அங்கே அவனுக்குப் போய்ச் சேரும்" என்று ஒருவர் வந்து சொன்னால் மாத்திரம் நோட்டும் கேட்பதில்லை, சாக்ஷியும் கேட்பதில்லை, போய்ச் சேர்ந்ததற்கு ஒரு ரசீதுகூடக் கேட்பதில்லை. கடன்காரனிடம் இருக்கின்ற புத்தி புரோகிதரிடம் எங்கே போய்விடுகின்றது என்றுதான் கேட்கின்றோம்.

இப்படிக் கேட்டால் நம்மை நாஸ்திகர் என்கின்றார்கள். அப்படியானால் நாட்டின் கோர்ட்டுகள் எல்லாம் நாஸ்திகக் கோர்ட்டுகள் என்றே சொல்லவேண்டும். 1872-ம் வருஷத்துச் சாக்ஷியச் சட்டம் என்ன சொல்லிற்று? ஒரு சங்கதி உண்டு என்று சொல்லுகின்றவனே அதை ருஜு செய்யவேண்டும் என்றது. கண்ணால் பார்த்ததைப் பார்த்தவனே வந்து சொல்லவேண்டும், பிறர் சொல்லக் கேட்டது பொதுவாகச் சாக்ஷியமாகாது என்றது. புத்தியுள்ள ஒரு மனிதன் நம்பி நடக்கத்தக்க அளவுக்கு இருந்தால்தான் அது ருஜுவாயிற்று என்றது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு "பாரதீய சாக்ஷ்ய அதினியம்" என்று வடமொழிப் பெயரிட்ட வேறொன்றை வைத்திருக்கின்றார்கள். பெயர் புதிதே தவிர, இந்த ஆதாரக் கொள்கைகளில் ஒன்றையும் தள்ள முடியவில்லை.

இந்த அளவுகோலால் புராணத்தை அளந்து பாருங்கள். நைமிசாரண்யத்தில் சூதர் ரிஷிகளுக்குச் சொன்னார். அவர் முன்னே ஒருவர் சொல்லக் கேட்டார். அவருக்கும் முன்னே ஒருவர் சொன்னார் என்றே கதை போகின்றது. பார்த்தவன் யார்? கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்கு நிற்கக்கூடியவன் யார்? பத்து ரூபாய் வழக்குக்குப் போதாத ருஜுவைக்கொண்டு ஒரு ஜனசமூகத்தையே காலில் பிறந்தவர்கள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அப்பீலும் இல்லை!

நிற்க, நமது முன்னோர்களுக்குச் சட்டமே இல்லையா என்று சிலர் கேட்பார்கள். இருந்தது. மநுதர்மத்தின் எட்டாவது அத்தியாயத்தைப் பார்க்கட்டும். சாக்ஷி, வட்டி, வேலை ஆகிய மூன்றுமே அங்கு இருக்கின்றன. பெண்ணுக்குப் பெண்ணே சாக்ஷி, சூத்திரனுக்குச் சூத்திரனே சாக்ஷி என்கின்றது. பார்ப்பனரைக் காப்பாற்றப் பொய்ச் சத்தியம் செய்தால் பாவமில்லை என்கின்றது. நூற்றுக்கு மாத வட்டி வருண வரிசைப்படி 2, 3, 4, 5 என்கின்றது. அதாவது அதே நூறு ரூபாய்க்குப் பார்ப்பனர் வருஷத்துக்கு 24 ரூபாய் வட்டி கட்டினால், உழுது உழைக்கின்றவன் 60 ரூபாய் கட்டவேண்டும். வேலை விஷயத்திலோ, விலைக்கு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் சூத்திரனை வேலை வாங்கலாம். எஜமானனே விடுதலை செய்தாலும் அவனுடைய அடிமைத்தனம் போகாது என்கின்றது. இதுவா தர்மம்?

1872-ம் வருஷத்துச் சட்டங்கள் இதற்கு நேர்மாறானவை. கேள்வியைப் புரிந்துகொண்டு பதில் சொல்லத் தெரிந்த எவரும் சாக்ஷி சொல்லலாம் என்றது சாக்ஷியச் சட்டம். ஜாதியும் கேட்கவில்லை, ஆண் பெண்ணும் கேட்கவில்லை. அதே வருஷத்து ஒப்பந்தச் சட்டம் வயதும் புத்தித் தெளிவும் மனப்பூர்வமான சம்மதமும் இருக்கின்றதா என்று கேட்டதே தவிர, எந்த அங்கத்திலிருந்து பிறந்தாய் என்று கேட்கவில்லை. 1969-ம் வருஷத்துப் பிரமாணச் சட்டத்தின்படி, சாக்ஷி சொல்லுகின்றவர் கடவுளை இழுக்காமல் வெறும் உறுதி சொன்னாலே போதும்.

இதற்காக வெள்ளைக்காரர் சட்டமெல்லாம் நல்லதென்று நாம் சொல்ல வரவில்லை. 1859-ம் வருஷத்தில் அவர்கள் செய்த ஒரு சட்டம், முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வராவிட்டால் மாஜிஸ்திரேட்டு உத்தரவிடவும், அதற்கும் அடங்காவிட்டால் மூன்று மாதம் வரையில் ஜெயிலில் போடவும் வழி செய்தது. முதலாளி கூலி கொடுக்காவிட்டால் அவனுக்கு அந்த ஜெயில் இல்லை! மநுவின் ஆவி துரைமாருடைய உடலிலும் புகுந்துகொண்டது என்பதற்கு இதைவிட ருஜு வேண்டுமா? 1925-ல்தான் அதை ரத்து செய்ய நிறைவேற்றினார்கள்.

1950-ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 23-வது ஷரத்து கட்டாய வேலையைத் தடுத்தது. 1976-ம் வருஷத்துச் சட்டம் கொத்தடிமைக் கடனையே ஒழித்தது. அதிலும் ஒரு விசேஷம் பாருங்கள்: இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், அப்படியல்ல என்று ருஜு செய்யவேண்டியவன் கடன் கொடுத்தவனே. குறைந்தபட்சக் கூலிக்குக் குறைத்துக் கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய வேலையே என்று 1982-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கின்றது. 2025 நவம்பர் 21 முதல் அமுலுக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பும், கூலி வரவில்லை என்று வழக்கு வந்தால் கொடுத்ததை முதலாளியே ருஜு செய்யவேண்டும் என்கின்றது.

ஆனால் சட்டம் ஏட்டில் இருந்து என்ன பயன்? செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடக்கின்றவர்களை அதிகாரிகள் போய் மீட்கும் செய்தி இன்னும் வந்துகொண்டுதானே இருக்கின்றது? தலைவிதி என்று நினைக்கின்றவன் தாசில்தாரிடம் போகமாட்டான். எழுதப்படாத விதியை நம்புகின்றவன் எழுதப்பட்ட சட்டத்தைத் தேடமாட்டான். விதியைப் பிரசாரம் செய்கின்றவர்கள் முதலாளிக்குச் சம்பளமில்லாத வக்கீல்கள் என்று நாம் சொல்லுவது இதனால்தான்.

ஆகவே தோழர்களே, எழுதாத நோட்டில் ஒருக்காலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். ஸ்டாம்பு ஒட்டிய வெற்று நோட்டில் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அந்த ஸ்டாம்பு தாங்கும் தொகை வரையில் பூர்த்தி செய்துகொள்ள அவனுக்கு நீங்களே அதிகாரம் கொடுத்ததாக 1881-ம் வருஷத்துச் சட்டம் எடுத்துக்கொள்ளும். பணம் வாங்கவில்லை என்று ருஜு செய்யும் பாரம் உங்கள் தலையில் விழும். கொடுத்த பணத்துக்கு ரசீது கேளுங்கள். செய்த வேலைக்குச் சம்பளச் சீட்டுக் கேளுங்கள். அப்படிக் கேட்டுப் பழகிய அதே வாயினாலே, நீ கீழ்ஜாதி என்று சொல்லுகின்றவனையும் கேளுங்கள்: "ருஜு எங்கே?"